எதிர்த்தீக்கு யாரிடம் அனுமதி கேட்டேன்

காட்டு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு,

உங்களில் ஒருவர் போன கிழமை தொலைபேசியில் அழைத்து, "இவ்வளவு வருடம் அந்தக் காட்டைப் பார்த்திருக்கிறீர்கள், எங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள்" என்று கேட்டார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்தக் காட்டை நினைக்காமல் இருக்கத்தான் நான் பழகிக்கொண்டிருக்கிறேன். பழக்கம் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. ஆகவே எழுதிவிடுகிறேன். மரம் அளப்பது, எல்லை பார்ப்பது, மாணவர்களுக்குத் தங்குமிடம் ஒழுங்குபண்ணுவது எல்லாம் கோப்புகளில் இருக்கின்றன. நான் சொல்லப்போவது ஒரேயொரு பிற்பகலைப் பற்றி. அதுவும் கோப்பில் இருக்கிறது. ஆனால் சரியாக இல்லை.

நான் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிக்காரன். பூனாகலைப் பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி அந்தச் சரிவை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு வயது முப்பத்துநான்கு. கீழே பாதையோரமாக மானாப்புல். அதற்கு மேலே பைனஸ் மரங்கள். நடுவே குறுக்காக ஓர் ஒற்றையடிப் பாதை. இன்னும் மேலே பழைய கரத்தை ரோடு, மாட்டுவண்டிகள் போன பாதை. அந்த ரோட்டுக்கு மேலே, ஓடை இறங்கும் பள்ளத்தில், யாரும் நடாத உண்மையான காடு. அந்தக் காட்டுக்குள்ளிருக்கும் ஊற்றிலிருந்துதான் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் குழாய் போகிறது. லயத்துப் பீலிக் குழாயில் விழும் தண்ணீர் முழுவதும் அந்த ஒரே ஊற்றுத் தண்ணீர்.

காணி உறுதியில் பல்கலைக்கழகத்தின் பெயர். பல்கலைக்கழகம் இருப்பதோ பல மணித்தியாலப் பயணத்துக்கு அப்பால், வேறு மாகாணத்தில். எனவே காட்டை நிர்வகிக்க ஒரு கூட்டு முகாமைக் குழு. இரண்டு பீடங்களின் ஆட்கள், தோட்ட நிர்வாகத்தில் ஒருவர், லயத்து மக்களுக்கு ஒரு பிரதிநிதி, செயலாளராக நான். தலைவர் ஒரு பேராசிரியர். நல்ல மனிதர், ஆனால் காட்டுக்கு வருடத்தில் இரண்டு முறைதான் வருவார். ஒரு மரத்தைத் தறிப்பதென்றாலும் ஓர் ஆய்வுத் திடலுக்குள் கால் வைப்பதென்றாலும் அவருடைய அனுமதி வேண்டும். இந்த ஒழுங்கு மோசமானது என்று நான் சொல்லவில்லை. பல வருடம் அது காட்டைக் காப்பாற்றியது. எல்லாருக்கும் பொதுவான காட்டில் ஒருவர் நினைத்ததைச் செய்ய முடியாது என்பது நல்ல விடயந்தான். அதற்குள் நான் ஒளிந்துகொள்ளப் பழகியதுதான் பிழை.

லயத்து மக்களின் பிரதிநிதி பாக்கியம். கொழுந்து பறிக்கிறவர். கூட்ட நாளில் அரை நாள் வேலையை விட்டுவிட்டு வருவார், கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்காருவார். கூட்டம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நடக்கும். இடையிடையே நான் அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேனா என்று இப்போது கேட்டால், இல்லை. நேரம் போகிறதே என்று சுருக்கிச் சொல்லுவேன்.

பைனஸ் காட்டின் நடுவில், ஒற்றையடிப் பாதைக்கும் கரத்தை ரோட்டுக்கும் இடையில், வாசுகியின் திடல் இருந்தது. வாசுகி எங்கள் பக்கத்துப் பிள்ளை, பருத்தித்துறை. இளம் விரிவுரையாளர். பைனஸ் நிழலின் கீழே நம் நாட்டு மரங்கள் தாமாக எழும்பி வருமா என்று பார்ப்பதற்காகக் கன்று கன்றாக நட்டு, ஒவ்வொன்றிலும் அலுமினியத் தகட்டில் இலக்கம் கட்டி, ஐந்து வருடமாக அளந்துகொண்டிருந்தாள். மழையில் அட்டைக் கடியோடு உட்கார்ந்து அளப்பதைப் பார்த்திருக்கிறேன். அவள் ஒரு கோரிக்கை வைத்தாள். லயத்துப் பெண்கள் அடுப்பு மூட்டவும் மாட்டுக்கு விரிக்கவும் பைனஸ் சருகை வாரிக்கொண்டு போவார்கள். தன் திடலுக்குள் மட்டும் வாராமல் இருந்தால் நல்லது என்றாள்.

திடலுக்குள் மட்டும். அதைக் கவனியுங்கள். முழுச் சரிவிலும் சருகு வாரக் கூடாது என்று பிரேரணை எழுதியது நான். எங்கே வாரலாம், எங்கே வாரக் கூடாது என்று தினமும் காவல் பார்ப்பது கரைச்சல். முழுவதையும் மூடிவிட்டால் இலகு.

பாக்கியம் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"ஐயா, வருசா வருசம் நாங்க வாரிக்கிட்டுப் போறதுனாலதாங்க அந்த எடம் சுத்தமா கெடக்கு. வாராம விட்டீங்கன்னா ரெண்டு வருசத்துல முழங்கால் ஒசரம் ஏறிரும். அப்புறம் கோடையில ஒரு பீடித் துண்டு போதுங்க."

தலைவர் என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். விறகு கிடைக்காமல் போகும் என்று கவலைப்படுகிறார் என்றேன். கூட்ட அறிக்கையில், "பிரதிநிதி தமது கருத்தைத் தெரிவித்தார்" என்று எழுதினேன். தடை நிறைவேறியது.

சரியாக இரண்டாவது வருட ஆகஸ்டில் நெருப்பு வந்தது.

அந்த மாதங்களில் ஊவா மாகாணத்தில் அடிக்கும் காற்று உங்களுக்கு இனிமேல்தான் தெரியவரும். மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமில்லாமல் இந்தப் பக்கம் இறங்கும். புல் காய்ந்து பழுப்பாகும். மத்தியானம் ஒரு மணியளவில் அலுவலக வாசலில் நின்றபோது புகை வாசனை வந்தது. போய்ப் பார்த்தால் கீழே பாதையோரத்து மானாப்புல் எரிகிறது. காற்று அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. யார் வைத்தது, எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது.

என்னோடு இருந்தவர்கள் இரண்டு காவலாளிகள். திடலில் அளவெடுத்துக்கொண்டிருந்த வாசுகியும் ஓடி வந்தாள். லயத்துக்கு ஆள் அனுப்பினேன். அனுப்பிய ஆள் போய்ச் சேருமுன்னமே அவர்கள் புகையைக் கண்டு வந்துகொண்டிருந்தார்கள். பாக்கியம் முன்னால். மலையில் கொழுந்தை அப்படியே போட்டுவிட்டு வந்த பெண்கள், கவ்வாத்து வெட்டும் ஆம்பிளைகள், கையில் மம்பட்டியும் கத்தியும். பாக்கியத்தின் தம்பி தங்கவேலும் வந்திருந்தான். தேயிலைச் செடியைக் கவ்வாத்துப் பண்ணுவதில் அந்தப் பிரிவிலேயே கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன்.

தீயணைப்பு வாகனம் பண்டாரவளையிலிருந்து வந்தாலும் அந்தச் சரிவில் ஏறாது. நாங்களேதான் நிறுத்த வேண்டும். நிறுத்தக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று ஒற்றையடிப் பாதை. அதில் நிறுத்தினால் வாசுகியின் திடல் தப்பும். ஆனால் பாதை ஓரடி அகலந்தான். இருபுறமும் இரண்டு வருடச் சருகு. மற்றது கரத்தை ரோடு. அகலமானது, கல் போட்டது. அங்கே நின்று கீழ்நோக்கி எதிர்த்தீ வைத்தால், மேலே வரும் நெருப்புக்குத் தின்ன ஒன்றும் மிஞ்சாமல் அடங்கும். ஆனால் நாங்கள் வைக்கும் அந்த எதிர்த்தீ எரிப்பது வாசுகியின் ஏழு வருடத்தை.

பாக்கியம் சரிவை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா, கீழ நின்னு புடிக்க முடியாதுங்க. ரோட்டுக்குப் போயிருவோம்."

எனக்கும் அது தெரிந்தது. இதை நான் ஒளிக்கவில்லை. அந்த நிமிடமே தெரிந்தது. ஆனாலும் நான் சொன்னது, "பாதையில் சருகை வழிச்சுக்கொண்டு நில்லுங்கோ, நான் தலைவரிட்டைக் கேட்டுப்போட்டு வாறன்."

தொலைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது ரோட்டுக்குச் சற்று மேலே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலுள்ள பாறையில் மட்டுந்தான். ஓடி ஏறினேன். தலைவர் ஒரு கூட்டத்தில் இருந்தார். வெளியே வந்து பேசினார். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "அந்தத் திடலைத் தொட வேண்டாம். அது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து செய்யும் ஆய்வு. நான் பீடாதிபதியோடு பேசிவிட்டு அழைக்கிறேன். பத்து நிமிடம்."

பத்து நிமிடம் காத்திருந்தேன். பாறையிலிருந்து எல்லாம் தெரிந்தது. பாதை நெடுகிலும் முதுகுகள். பெண்கள் சருகை வாரி வாரிப் பின்னால் எறிந்துகொண்டிருந்தார்கள். இரண்டு வருடமாக வாரக் கூடாது என்று நான் தடுத்த சருகு. அவர்களோடு சேர்ந்து வாசுகியும் வாரிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு சத்தம் போட்டால் கேட்கும் தூரம்.

பாக்கியம் பாறையடிக்கு வந்து அண்ணாந்து கேட்டார். "போன்ல என்னத்தச் சொல்றாங்க?"

"பொறுக்கச் சொல்லுகினம். பீடாதிபதியோட பேசவேணுமாம்."

"நெருப்பு மீட்டிங் எல்லாம் போடாதுங்க ஐயா."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் திரும்பிப் பாதைக்கே போனார். நான் மறுபடி அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை எடுத்தார். பீடாதிபதி கிடைக்கவில்லை, இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே காற்று ஒரு சுழற்றுச் சுழற்றியது. பாதைக்கு இந்தப் பக்கம், ஆட்களுக்குப் பின்னால், சருகில் ஓரிடத்தில் வெள்ளைப் புகை கிளம்பியது. பிறகு இன்னோரிடத்தில்.

எல்லோரும் மேல்நோக்கி ஓடினார்கள். பைனஸ் சருகு எண்ணெய் பூசியது போல வழுக்கும். ஒரு வயதான பெண் சறுக்கிக் கீழே போனார். தங்கவேல் திரும்பி இறங்கி அவரைத் தூக்கி மேலே தள்ளிவிட்டான். தள்ளிய வேகத்தில் அவனுக்குக் கால் வழுக்கியது. விழாமலிருக்க வலக்கையை ஊன்றினான். ஊன்றிய இடம் எரிந்துகொண்டிருந்தது. முழங்கை வரை உள்ளே போய்விட்டது.

அவன் கத்திய சத்தம் தொலைபேசியில் தலைவருக்கும் கேட்டிருக்கும். "என்ன அது?" என்று கேட்டார். நான் கீழே இறங்கினேன்.

கரத்தை ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. யாரோ கையில் நெருப்புப்பெட்டியைத் தந்தார்கள். இரண்டு குச்சி காற்றில் அணைந்தது. பாக்கியம் பெட்டியை என் கையிலிருந்து வாங்கி, குனிந்து, சேலை மறைவில் உரசி, ஒரு பிடி சருகைப் பற்றவைத்தார். தம்பியை நான்கு பேர் ரோட்டில் கிடத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பினால் முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாசுகி கரிபடிந்த முகத்தோடு எங்களிடம் வந்தாள். நான் அவளைப் பார்க்காமல் நின்றேன்.

"எங்கையிருந்து வைக்கப் போறியள்?" என்றாள்.

"கிழக்குப் பக்கத்திலயிருந்து" என்றேன்.

"அப்ப நான் மேற்கால வாறன்." ஒரு பிடி சருகை வாங்கி, பாக்கியத்தின் நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு நடந்தாள். தன்னுடைய இலக்கத் தகடுகளுக்கு நடுவே, ரோட்டோரமாகக் குனிந்து குனிந்து நெருப்பை வைத்துக்கொண்டே வந்தாள். இரண்டு நெருப்பும் சந்தித்தபோது பெரிய மூச்சொன்று விட்டது போல் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு புகைதான்.

ஊற்றுக்காடு தப்பியது. ரோட்டைத் தாண்டி மேல் ஓரத்தில் கொஞ்சம் கருகியது, அவ்வளவுதான். பின்னேரம் பீலியில் தண்ணீர் வந்தது. தங்கவேலை லொறியில் ஏற்றி பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

இரண்டு கிழமை கழித்து விசாரணை. எங்கள் அலுவலகத்திலேயே வைத்தார்கள். பாக்கியம் வழக்கமான கதிரையில். மேசையில் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை, கையொப்பத்துக்குத் தயாராக. முதல் பக்கத்திலேயே, சருகுத் தடையால் அதிருப்தியடைந்த தோட்ட மக்களே தீ வைத்திருக்கக்கூடும் என்று எழுதியிருந்தது. எழுதியவர் அன்று காட்டில் இல்லாத ஒருவர். பகையால் எழுதியிருக்க மாட்டார். ஏதோ ஒரு காரணம் வேண்டுமே என்று எழுதியிருப்பார்.

வழக்கம்போல் சுருக்கிச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு முடியவில்லை. அந்த வரியை எடுத்துச் சொல்லுக்குச் சொல் தமிழில் பாக்கியத்துக்கு வாசித்துக் காட்டினேன்.

அவர் என்னிடம் சொல்லாமல் நேரே தலைவரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். நாங்கள் குடிக்கிற தண்ணீர் இருக்கிற காட்டுக்கு நாங்களே நெருப்பு வைப்போமா என்று. அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. தலைவர் பேனாவை எடுத்து அந்த வரியை வெட்டினார். காரணம் தெரியவில்லை என்று எழுதச் சொன்னார்.

நான் இன்னொன்றும் சொன்னேன். முழுச் சரிவுக்கும் தடை கேட்டது வாசுகி அல்ல, நான் என்றும், பாக்கியம் இந்த நெருப்பைப் பற்றி முன்கூட்டியே சொன்னதை நான் மாற்றி மொழிபெயர்த்தேன் என்றும் சொன்னேன். ஒருவர் பக்கத்தைப் புரட்டினார்.

பிறகு எதிர்த்தீ விடயம். அனுமதி தந்தது யார் என்று கேட்டார்கள்.

"யாரும் தரவில்லை. நானேதான் வைத்தேன்" என்றேன். பற்றவைத்தது பாக்கியம் என்பதை அங்கே விட்டுவிட்டேன்.

"பொறுக்கச் சொல்லியிருந்தேனே" என்றார் தலைவர். குரலில் கடுமை இல்லை, களைப்புத்தான்.

"ஓம். இருபத்தைந்து நிமிடம் பொறுத்தேன்."

அப்போது வாசுகி என் பக்கம் திரும்பினாள். அந்த அறையில் எல்லோர் முன்னிலையிலும் தமிழில்தான் கேட்டாள்.

"அண்ணை, நீங்கள் ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

நான் மேசையிலிருந்த அறிக்கையை மூடிவைத்தேன்.

"அது என்ரை திடல். நான் பக்கத்திலதானே நிண்டனான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே கொளுத்துங்கோ எண்டு சொல்லியிருப்பன். அந்தத் தம்பிக்குக் கை எரிஞ்சிராது."

இதற்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அவளுடைய முகத்தைப் பார்த்து, உன் ஏழு வருடத்தை எரிக்கப்போகிறேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தொலைபேசியில் தூரத்திலிருக்கும் ஒருவரைக் கேட்பது சுலபமாக இருந்தது. அவர் ஓம் என்றாலும் இல்லை என்றாலும் பழி அவருடையது. அனுமதி கேட்பது எப்போதும் பணிவு என்றும் ஒழுங்கு என்றும் நினைத்திருந்தேன். சில வேளைகளில் அது கோழைத்தனந்தான். எதை இழக்கப்போகிறோம் என்று அறிந்தவள் அங்கே நின்றாள். எப்படி நிறுத்துவது என்று அறிந்தவர் அங்கே நின்றார். இருவருமே குழுவோடு சம்பந்தப்பட்டவர்கள். கூட்டு முகாமை என்று கோப்பில் எழுதிவைத்திருந்ததை அந்தப் பாதையிலேயே ஒரு நிமிடத்தில் நடத்தி முடித்திருக்கலாம். நான் பாறையில் ஏறி நின்றேன்.

ஒரு மாதத்தில் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அனுமதி கிடைக்கும்வரை பொறுக்காமல் ஆய்வுத் திடலுக்குத் தீ வைத்ததற்காக. பொறுத்துக்கொண்டிருந்த அந்த இருபத்தைந்து நிமிடத்துக்காக ஒருவரும் எனக்குக் கடிதம் எழுதவில்லை.

சருகுத் தடை நீங்கியது. திடலைச் சுற்றி மட்டும் ஒரு கயிறு. அவசர வேளையில் காட்டிலிருக்கும் உத்தியோகத்தரே முடிவெடுக்கலாம் என்று புது விதி ஒன்றும் சேர்த்தார்கள். அது உங்கள் மேசை இலாச்சியில் இருக்கிறது. இருப்பது நல்லதுதான். ஆனால் அந்த விதி இல்லாததாலா நான் பாறையில் நின்றேன் என்று யோசித்துப் பாருங்கள். வாசுகி மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஊற்றுக்காட்டிலிருந்து விதை பொறுக்கிக் கன்று வளர்க்க லயத்துப் பெண்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டாள். எரிந்த இடத்தில் சில கன்றுகள் வேரிலிருந்து துளிர்த்ததாக ஒரு நாள் வந்து சொன்னாள். சந்தோசமாகத்தான் சொன்னாள். என்னோடு மரியாதையாகவே பழகினாள். பழைய மாதிரி இல்லை.

தங்கவேலின் வலக்கையில் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கவ்வாத்துக் கத்தி பிடிக்க முடியாமல் போயிற்று. இப்போது கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்கு எடுத்துக் கொடுக்கிறான். வழியில் காணும்போதெல்லாம், "ஐயா, சாப்டீங்களா?" என்று கேட்பான். வேறொன்றும் கேட்கமாட்டான். கேட்டால் நன்றாயிருக்குமே என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின நாள் அவனுடைய லயத்துக்குப் போனேன். பாக்கியமும் அங்கே இருந்தார். உட்காரச் சொன்னார்கள். உட்காராமலே சொன்னேன். அன்றைக்கு முதலிலேயே ரோட்டுக்குப் போயிருக்க வேண்டும், அது எனக்கு அப்போதே தெரியும், தெரிந்துகொண்டுதான் உங்களைக் கீழே நிறுத்திவைத்தேன் என்று.

தங்கவேல் அக்காவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"தெரியுங்கய்யா" என்றான். "லயத்துல எல்லாருக்கும் தெரியும்."

உள்ளேயிருந்து தேத்தண்ணி வந்தது. இடக்கையால் வாங்கி என்னிடம் நீட்டினான்.

"உக்காந்து குடிங்க" என்றார் பாக்கியம். "ஆறிப்போயிரும்."

உட்கார்ந்து குடித்தேன்.